பதினோரு கயிறு

எங்கள் தெருவில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும்
ஒரு கயிறு தொங்கும்.
கீழ்நுனியில் கவ்வி, மேல்நுனியில் மணி.
மேலிருந்து காசு இறங்கும், கீழிருந்து கீரை ஏறும்.
லிஃப்ட் என்ற ஒன்று
தாம்வேயின் இந்தப் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

மின்சாரம் நள்ளிரவுக்கு மேல் எப்போதோ வரும்.
நேரம் யாருக்கும் தெரியாது,
கிருபாவதியைத் தவிர.
இஸ்திரிப் பெட்டியை ப்ளக்கில் மாட்டிவிட்டு
அதன் சின்னச் சிவப்பு விளக்கருகே தலைவைத்துப் படுப்பாள்.
அது கண் திறந்தால் இவளும் திறப்பாள்.
பதினெட்டு வீட்டுச் சட்டைகள் குவிந்து கிடக்க
முதலில் தெருவுக்கு இறங்குவாள்,
கோடியிலிருந்து கோடிவரை
கயிறு கயிறாய் இழுத்துக்கொண்டே.

மீ லாபி! மீ லாபி!
வெளிச்சம் வந்தாச்சு, எந்திரிங்க,
மோட்டாரைப் போடுங்க, உலையை வைங்க.
டீக்கடை ஊ தெயின் மணி,
ஹாஜியார் வீட்டு மணி,
வாடகைக்காக நடுத்தெருவில் இவளைத் திட்டிய
டோ சான் யீயின் மணி,
அதைக் கொஞ்சம் கூடுதலாகவே இழுப்பாள்.
பிறகு நாலாவது மாடி, என் மணி.

நான் மணியைக் கழற்றிவிட்டவன்.
மகன் எல்லை தாண்டிப் போய் ஏழு மாதம்,
ஒரு செய்தி இல்லை.
தண்ணீர் பிடித்து யார் குளிக்க?
ஞாயிறு ஆராதனையையும்
அதே வாரத்தில்தான் கழற்றினேன்.

"நாலாவது மாடி! உங்க கயிறு ஊமையாயிடுச்சு!"
ஒன்றேகால் மணிக்கு இப்படி ஒரு கத்தல்.
மறுநாள் கவ்வியில் ஒரு பொட்டலம்.
மேலே இழுத்தேன், உள்ளே பித்தளை மணி.
சுற்றிய தாளில் வசனம் இருக்கும் என்று
பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தேன்.
வெளுப்புக் கணக்கு:
லுங்கி நாலு, வெள்ளைச் சட்டை ரெண்டு, பாக்கி முன்னூறு.
சிரித்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.
மணி ஒரு மாதம் மேசையில் கிடந்தது.
கட்டிய நாள் நினைவில் இல்லை.

புதன்கிழமைக் கூட்டத்துக்குப் போனது
போனுக்குச் சார்ஜ் போட.
சபையில் ஜெனரேட்டர் உண்டு,
அவன் கூப்பிட்டால் செத்த போனை வைத்து என்ன செய்ய?
சாட்சி சொல்லும் நேரம்.
ஒருவருக்குக் கட்டி கரைந்திருந்தது,
ஒருவருக்கு மலேசியா விசா.
கிருபாவதி எழுந்தாள், முக்காட்டைச் சரிசெய்தாள்.
"நேத்து ஒண்ணு பத்துக்கு வந்துச்சு,
மூணு இருவதுக்குப் போச்சு.
நடுவுல பதினேழு சட்டை.
பதினெட்டாவதுக்குச் சூடு மிச்சமிருந்துச்சு.
தோத்திரம்."
உட்கார்ந்துவிட்டாள்.
ஆமென் சொல்வதா வேண்டாமா என்று
போதகர் ஒரு நொடி தடுமாறினார்.
எனக்கு அந்தப் பதினெட்டாவது சட்டை
தூக்கத்திலும் வந்தது,
காலர் மடிந்து, வெதுவெதுப்பாய்.

சித்திரை வெக்கையில் ஓர் இரவு
மின்விசிறி சுற்றும் சத்தத்தில் விழித்தேன்.
ஒன்று நாற்பது.
தெருவில் மணி இல்லை, குரல் இல்லை.
லுங்கியை இறுக்கிக்கொண்டு இறங்கி
அவள் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.
வெகுநேரம் கழித்து
ஈரத்துண்டு சுற்றிய தலை எட்டிப்பார்த்தது.
"காய்ச்சலா?"
"அது கெடக்கட்டும். எல்லாரும் எந்திரிச்சாச்சா?"
"இல்லை."
"அப்ப இங்க என்ன நிக்கிறீங்க?"

முதல் இரண்டு வீட்டுக்குக் குரலே வரவில்லை,
தொண்டையில் மணல்.
மூன்றாவது வீட்டில் மீ லாபி என்றது
யார் குரலோ போல் கேட்டது.
டோ சான் யீ என்னையும் திட்டினாள்,
பிறகு மோட்டார் உறுமியது.
ஹாஜியார் ஜன்னலில் கை தூக்கினார்.

ஜெபித்தேன் என்று சொல்லமாட்டேன்.
பதினோரு கயிறு இழுத்தேன்.
பன்னிரண்டாவது என்னுடையது.
மேலே ஆளில்லை, தெரியும்.
கை பழக்கத்தில் இழுத்துவிட்டது.
நாலாவது மாடியில், இருட்டில்,
சார்ஜில் கிடந்த போனுக்குப் பக்கத்தில்
அது அடித்தது.